முதல் கிளாரினெட்டின் கமாக்கள்

"இதையெல்லாம் டைப் அடிக்கும்போது உனக்குக் காதுல கேக்குமா?" என்று ஒருவர் என்னிடம் கேட்டார்.

இல்லை என்று தலையாட்டினேன். அதுதான் உண்மை. எனக்குப் பாட வராது. எந்தக் கருவியும் வாசிக்கத் தெரியாது. இசைத்தாள் என்பது எனக்கு ஐந்து கோடுகள், கோட்டின் மேல் ஒரு முட்டை, இரண்டு கோடுகளுக்கு நடுவில் ஒரு முட்டை. முட்டை வெள்ளையாக இருந்தால் ஒரு கணக்கு, கறுத்திருந்தால் வேறு கணக்கு. தாளில் எப்படி இருக்கிறதோ அப்படியே திரையில் கொண்டுவந்து வைப்பேன். படத்தைப் பார்த்துத் துணியில் பூ தைப்பது மாதிரிதான்.

கேட்டவர் பகலில் லிஃப்ட் மெக்கானிக். சாயங்காலத்தில் ஊர் பேண்டில் முதல் கிளாரினெட். பேண்டில் கிளாரினெட் குழல் ஊதுகிறவர்கள் இரண்டு பேர். முதலாவது பாட்டைத் தூக்கிக்கொண்டு மேலே போகும். இரண்டாவது கீழே இருந்து தாங்கும். இரண்டாவது கிளாரினெட் அவருடைய தங்கை. இதெல்லாம் அவரே சொன்னது. அவர் சொல்லாமல் விட்டது மிகக் குறைவு. கடைக்குள் நுழையும்போதே பேச்சு அவருக்கு முன்னால் நுழைந்துவிடும்.

கடை சித்தியுடையது. முன்னால் ஜெராக்ஸ் மெஷின், லேமினேஷன், ஸ்பைரல் பைண்டிங். பின்னால் ஒரு பிளைவுட் தடுப்பு, தடுப்புக்குப் பின்னால் கம்ப்யூட்டர், கம்ப்யூட்டருக்குப் பின்னால் நான். பள்ளிக்கூடத்தில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் எழுந்து நிற்பேன். வாயிலிருந்து ஒன்றும் வராது. ஒரு நாள் போகாமல் இருந்து பார்த்தேன். மறுநாளும் போகவில்லை. அப்புறம் சித்தி வந்து, "இவளுக்கு வாய்தான் வேலை செய்யாது, கை நல்லா வேலை செய்யும்" என்று அம்மாவிடம் சொல்லிக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

இசை எழுதும் சாஃப்ட்வேரை எங்கள் கம்ப்யூட்டரில் ஏற்றியது ஒரு பியானோ டீச்சர். தன் மாணவர்களுக்காகத் தாள் தாளாக டைப் அடிக்கச் சொல்லி, இரண்டு மூன்று நாள் பக்கத்தில் உட்கார்ந்து காட்டிக்கொடுத்துவிட்டு, பிறகு வேறு ஊருக்கு மாறிப் போய்விட்டார். சாஃப்ட்வேர் எங்களிடமே தங்கிவிட்டது. அதைக் கேள்விப்பட்டுத்தான் லிஃப்ட்காரர் வந்தார்.

"முதலாளியம்மா, உள்ள போகலாமா?"

"போங்க லிஃப்ட்டு சார். ஆனா அவ பதில் சொல்லலைன்னு என்கிட்ட வந்து கம்ப்ளெயின்ட் பண்ணக்கூடாது."

"பேசாத பொண்ணுன்னு தெரிஞ்சுதானே வந்தேன். பேசறவங்ககிட்ட போற விஷயமா இது?"

எனக்கு எதிரில் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார். சட்டைப்பையிலிருந்து ஒரு பென் டிரைவ் எடுத்தார். அதில் இருந்தது சனிக்கிழமை கச்சேரிக்கான ஒரே ஒரு பாட்டு. மெதுவான பாட்டு. பேண்டில் எல்லாருக்கும் டைப் அடித்துக் கொடுப்பது அவர் தங்கைதான் என்றார். மருந்துக்கடை வேலை முடிந்து வந்து, வீட்டில் உட்கார்ந்து அடிப்பாளாம்.

"அப்ப அவங்ககிட்டயே..." என்று ஆரம்பித்து நிறுத்தினேன். அன்றைக்கு நான் பேசியது அவ்வளவுதான்.

"அவகிட்ட கேக்க முடியாதும்மா. அதான் சிக்கலே."

குரலைத் தணித்துக்கொண்டார். தணித்த பிறகும் அது சாதாரணமாக மற்றவர்கள் பேசும் அளவுக்கு இருந்தது. மேல்வரிசை முன்பற்களை எடுத்துவிட்டுப் பல்செட் கட்டியிருக்கிறார். கிளாரினெட் வாயில் நிற்பதே அந்தப் பற்களின் பலத்தில்தானாம். கீழே வாசிக்கும்போது ஒன்றும் தெரியவில்லை. மேலே ஏற ஏற செட் அசைகிறது, ஓரத்தில் காற்று போகிறது, ஸ்வரம் உடைகிறது.

"ஊர்ல அத்தன லிஃப்டையும் ஏத்தி விடறேன். நான் மட்டும் ஏற மாட்டேங்கறேன்" என்று சிரித்தார். தடுப்புக்கு அந்தப் பக்கம் சித்தியும் சிரித்தாள். அவர் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"எனக்கு ஒன்னும் கேக்கல சார். நீங்க சொல்லுங்க" என்றாள் சித்தி.

பாட்டின் நடுவில் ஓர் இடம். முதல் கிளாரினெட் தனியாக மேலே ஏறிப்போய், உச்சியில் நின்று, மெல்ல இறங்கி வரும். அந்த இடத்தை மட்டும் இரண்டாவது கிளாரினெட்டுக்கு மாற்றிவிட வேண்டும். இரண்டாவது வாசிப்பதை அவர் வாசித்துக்கொள்வார். இருவரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. எந்தக் குழலிலிருந்து எது வருகிறது என்று கீழே இருப்பவனுக்குத் தெரியப்போவதில்லை.

"தங்கச்சிக்கு?" என்று நான் கேட்கவில்லை. என் முகம் கேட்டிருக்க வேண்டும்.

"அவ முன்னாடி என்ன பேப்பர் இருக்கோ அத வாசிப்பா. பேண்ட் மாஸ்டர் கடைசி நேரத்துல மாத்திட்டார்னு சொல்லிருவேன். நம்புவா. என்கிட்ட எதிர்க் கேள்வி கேட்டதே இல்ல அவ." கொஞ்சம் நிறுத்தினார். "மாஸ்டர் முன்னாடி ஒரு பெரிய தாள் இருக்கும் பாரு, எல்லாரோட வரியும் ஒன்னுக்குக் கீழ ஒன்னா, ஸ்கோருன்னு சொல்லுவோம். அதுல ஒன்னும் மாறக்கூடாது. என் தாள், அவ தாள், ரெண்டுல மட்டும் மாறணும். வீட்டுல நானே முயற்சி பண்ணினேன். என் தாள்ல ஒரு ஸ்வரத்தை அழிச்சா ஸ்கோர்லயும் அழிஞ்சிடுது. பேய் மாதிரி கூடவே வருது."

மாஸ்டரிடமே சொல்லிவிட்டால் என்ன என்று சித்திதான் தடுப்பின் மேலாக எட்டிக் கேட்டாள். காது கேட்காத பாவனையை அவளால் அதற்குமேல் நீட்டிக்க முடியவில்லை.

"சொல்லலாம். சொன்னா என்னைத் தூக்கி ரெண்டாவதுல போடுவார். நான் ரெண்டாவது வாசிக்க மாட்டேன். எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருக்கேன். முதல் நாற்காலி இல்லன்னா பெட்டிய மூடிட்டு வீட்டுல உக்காந்துருவேன்."

"உக்காந்து?"

"உக்காந்து என்ன பண்றது. டிவி பாக்கறது."

அப்படிச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. நாளைக்குச் சாயங்காலம் வருவதாகச் சொல்லிவிட்டு எழுந்தார். போகிற வழியில் எங்கள் கடைப் படியில் ஒரு கல் ஆடுவதைக் காலால் அழுத்திப் பார்த்து, சித்திக்கு ஒரு சொற்பொழிவும் ஆற்றிவிட்டுப் போனார்.

நான் கோப்பைத் திறந்தேன். அவர் சொன்னது சரிதான். சாஃப்ட்வேரில் ஸ்கோரும் ஒவ்வொருவருடைய தாளும் ஒரே உடம்பு. ஒன்றைக் கிள்ளினால் மற்றதற்கு வலிக்கும். எத்தனையோ மெனுக்களைத் திறந்து மூடிவிட்டு, அந்தச் சாஃப்ட்வேரைப் பயன்படுத்துகிறவர்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளும் இணையப் பக்கத்துக்குப் போனேன். அங்கே கேட்பது எனக்குக் கஷ்டமில்லை. எழுந்து நிற்க வேண்டாம், யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். ஸ்கோர் மாறாமல் இரண்டு தாள்களை மட்டும் எப்படி மாற்றுவது என்று எழுதிவிட்டு, கம்ப்யூட்டரை அணைத்துவிட்டேன்.

காலையில் இரண்டு பதில்கள் இருந்தன. முதல் ஆள் கொஞ்சம் கோபக்காரர். "ஸ்கோரில் ஒன்று, வாசிப்பவர் தாளில் ஒன்றா? அந்தக் குழப்பம் நடக்கக்கூடாது என்றுதானே இந்தச் சாஃப்ட்வேரையே உருவாக்கினார்கள்?" இரண்டாவது ஆள் தன் முகத்துக்குப் பதிலாக ஒரு பூனையின் படத்தை வைத்திருந்தார். "கோப்பை வேறு பெயரில் இன்னொரு பிரதி எடுங்கள். பிரதியில் இடம் மாற்றுங்கள். அதிலிருந்து அந்த இரண்டு தாள்களை மட்டும் அச்சிடுங்கள். அசல் கோப்பு அப்படியே இருக்கும். ஆனால் ஒத்திகையில் யாரோ ஒருவர் திட்டு வாங்கப்போகிறார்."

பூனைக்கு நன்றி சொல்லிவிட்டு அப்படியே செய்தேன். முதல் கிளாரினெட்டின் அந்த வரியை வெட்டி இரண்டாவதில் ஒட்டினேன். இரண்டாவதன் வரியை முதலாவதில் ஒட்டினேன். இரண்டும் ஒரே வகைக் கருவி என்பதால் ஸ்வரம் எதுவும் நகரவில்லை. வேலை சுலபமாக முடிந்துவிட்டது என்று நினைத்தபோது, ஒட்டிய வரியோடு வேறு ஏதோ கூடவே வந்திருப்பதைப் பார்த்தேன்.

கமாக்கள். கோடுகளுக்கு மேலே சின்னச் சின்னக் கமாக்கள். அந்த இடத்தில் மூச்சு விடலாம் என்று ஊதுகிறவர்களுக்குச் சொல்லும் குறி அது. தாளில் அவை கறுப்பாக இருந்தன. ஸ்கோரில் மட்டும், இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும்படி, வெளிறிய சாம்பல் நிறத்தில். எனக்கு அந்தச் சாம்பல் நிறம் தெரியும். ஸ்கோரில் மறை, தாளில் மட்டும் காட்டு என்று ஒருவர் கைப்பட ஒவ்வொன்றாகச் சொன்னால்தான் அப்படி ஆகும். அச்சில் எடுக்கும்போது மாஸ்டரின் ஸ்கோரில் அவை வரவே வராது.

ஒரு சந்தேகத்தில் அசல் கோப்பை முதலிலிருந்து கடைசி வரை பார்த்தேன். புல்லாங்குழலுக்கு ஒரு கமா இல்லை. டிரம்பெட்டுக்கு இல்லை. இரண்டாவது கிளாரினெட்டுக்கு இல்லை. முதல் கிளாரினெட்டுக்கு மட்டும், பாட்டு நெடுக, கிட்டத்தட்ட ஒவ்வொரு வளைவிலும் ஒன்று. ஏறும் இடத்துக்கு முன்னால் இரண்டு.

டைப் அடித்தவர் தங்கை.

சித்தியிடம் சொல்லலாமா என்று நினைத்தேன். சொன்னால் அடுத்த நிமிடம் தெரு முழுக்கத் தெரிந்துவிடும். கமாக்களை அழித்துவிடலாமா என்றும் நினைத்தேன். கை வரவில்லை. அப்படியே இரண்டு தாள்களையும் அச்செடுத்து வைத்தேன்.

சாயங்காலம் அவர் வந்தார். வேலை செய்த கையில் இன்னும் கிரீஸ் இருந்ததால் தாளைத் தொடாமல் குனிந்து பார்த்தார்.

"ஆஹா, கச்சிதம். அவ தாள் எது? இதுவா?" கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கிட்டே போனார். "இந்தக் கமா எல்லாம் அவளுக்கு எதுக்கு? அவ மூச்சைப் பிடிச்சா அடுத்த பஸ் ஸ்டாப் வரைக்கும் போவா. எடுத்துடு. எனக்குத்தான் வேணும் அது. இந்தப் பாட்ட எழுதின மனுஷன் யாரோ, ஊதறவன் கஷ்டம் தெரிஞ்சவன். இப்ப நாங்க எடுக்கற எல்லாப் பாட்டுலயும் இப்படித்தான், எனக்குன்னே பாத்துப் பாத்து இடம் விட்டிருக்கான்."

"எழுதினவர் வெக்கல" என்றேன்.

எனக்கே என் குரல் புதிதாக இருந்தது. ஜெராக்ஸ் மெஷினின் சத்தம் நின்றது. சித்தி நிறுத்தியிருக்க வேண்டும்.

"என்னது?"

அதற்குமேல் சொல்லத் தெரியவில்லை. திரையை அவர் பக்கம் திருப்பினேன். அசல் கோப்பின் ஸ்கோரைப் பெரிதாக்கி, சாம்பல் நிறக் கமா ஒன்றைக் காட்டினேன். பிறகு மற்றக் கருவிகளின் வரிகளை ஒவ்வொன்றாகக் கீழே நகர்த்தினேன். அவர் மெக்கானிக். ஒரு பெட்டியைத் திறந்தால் எந்தக் கம்பி பிறகு சேர்த்தது என்று அவருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

வெகுநேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு போனை எடுத்தார்.

"கடைல இருக்கியா? எதிர்ல ஜெராக்ஸ் கடைக்கு வா. இல்ல, இப்பவே. மருந்து வாங்கறவன் நிப்பான், வா."

மருந்துக்கடைக்கும் எங்கள் கடைக்கும் நடுவில் சாலை மட்டும்தான். அந்த அம்மா வெள்ளைக் கோட்டோடு, காதில் பேனா செருகியபடி வந்தார். ஒல்லியான உருவம். அண்ணனுக்கு நேர் எதிர்.

"பிரிண்ட் வேணும்னா என்கிட்ட சொல்றதுக்கு என்ன? நான் எடுத்துட்டு வரமாட்டேனா?"

"இது என்ன?" என்று திரையைக் காட்டினார் அவர்.

குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது அந்த அம்மாவின் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. "கமா."

"யார் வெச்சது?"

"நான்தான்."

"எப்பலேருந்து?"

"நீ பல்லு கட்டினதுலேருந்து."

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லாம?"

அந்த அம்மா மேஜைப் பக்கம் திரும்பினார். மேஜையில் கிடந்த இரண்டு தாள்களும் கண்ணில் பட்டுவிட்டன. தன் தாளை எடுத்தார். விரலை வைத்துக்கொண்டே வரி வரியாக இறங்கினார். நடுவில் விரல் நின்றது.

"இது என் வரி இல்லையே."

"மாத்திட்டேன்."

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லாம?"

தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து சித்தி, "ஒரே வயித்துல பொறந்தவங்கதான். ஆதார் எதுவும் கேக்க வேண்டாம்" என்றாள். இருவரில் யாரும் சிரிக்கவில்லை.

"ஸ்கோர்ல இது இருக்கா?"

"இல்ல. பாப்பாகிட்ட சொல்லி..." என்னைப் பார்த்துவிட்டு அவர் நிறுத்திக்கொண்டார்.

"அப்ப ஒத்திகைல மாஸ்டர் யாரை நிறுத்துவார்? அவர் தாள்ல உன் பேர்ல இருக்கற பாட்டு என் குழல்லேருந்து வந்தா யாரைத் திட்டுவார்? அத்தன பேர் முன்னாடி, ஏம்மா உன் வரிய விட்டுட்டு அண்ணன் வரிய வாசிக்கறேன்னு என்னைத்தானே கேப்பார்?"

அண்ணன் தாள்களை மறுபடி பார்த்தார். அதை அவர் நினைத்துப்பார்க்கவே இல்லை என்பது எனக்குத் தெரிந்தது. தாள், குழல், பல், நாற்காலி எல்லாம் யோசித்திருக்கிறார். தங்கை எழுந்து நிற்க வேண்டிவரும் என்பதை மட்டும் யோசிக்கவில்லை. பூனை சொன்னதை நானும்தான் படித்தேன்.

"அது தோணல" என்றார் மெதுவாக. நான் கேட்டதிலேயே அவர் பேசிய சின்ன வாக்கியம் அது.

"கேட்டிருந்தா குடுத்திருக்க மாட்டேனா?"

"குடுத்திருப்ப. அதான் கேக்கல."

"நல்லா இருக்கு நியாயம்." அந்த அம்மா ஸ்டூலில் உட்கார்ந்தார். "நான் எதுக்கு அந்தக் கமாவ ஒளிச்சு ஒளிச்சு வெச்சேன்? நீதானே தெருவெல்லாம் சொல்லிட்டுத் திரியற, ரெண்டாவது வாசிக்க மாட்டேன், பெட்டிய மூடிருவேன்னு. நீ மூடிட்டா நான் யார் பக்கத்துல உக்காந்து வாசிக்கறது? புதுசா எவனாவது வருவான். தாளத்துக்குக் கால் தட்டுவான். எனக்குக் கால் தட்டறவங்களக் கண்டாலே ஆகாது."

"நானும் தட்டுவேன்."

"நீ தட்டினா பழகிடுச்சு."

வெளியே யாரோ லேமினேஷனுக்கு வந்து நின்றார்கள். சித்தி கையைக் காட்டி அவர்களைக் காத்திருக்கச் சொன்னாள்.

"எவ்வளவு கமா போட்டாலும் அந்த உச்சிக்கு முன்னாடி தாங்கலண்ணா" என்றார் அந்த அம்மா. "போன வாரம் உடைஞ்சது எல்லாருக்கும் கேட்டுச்சு. மாஸ்டருக்கும் கேட்டிருக்கும். உன் முகத்துக்காக விட்டார். சனிக்கிழமை விட மாட்டாங்க, ஜனங்க காசு குடுத்து வர்றாங்க."

அவர் தன் கிரீஸ் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பேச்சு வரும் என்று நான் காத்திருந்தேன். அவரிடமிருந்து பேச்சு வராத நேரம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. பழக்கமில்லாத வீட்டில் மின்சாரம் போன மாதிரி இருந்தது.

அந்த அம்மா என் பக்கம் திரும்பினார். "பாப்பா, இந்தப் பிரதிய அழிச்சிடு. அசலைத் திற. ரெண்டு பேர் தாளையும் முழுசா எடு. முதல் கிளாரினெட்ல என் பேரப் போடு, ரெண்டாவதுல அண்ணன் பேரப் போடு. என் தாள்ல இருக்கற கமா எல்லாத்தையும் எடுத்துடு, எனக்கு வேண்டாம். மாஸ்டர்கிட்ட நான் சொல்லிக்கறேன்."

நான் லிஃப்ட்காரரைப் பார்த்தேன். அவர் தடுக்கவில்லை. சரி என்றும் சொல்லவில்லை.

பிரதியை அழித்தேன். கமாக்களை ஒவ்வொன்றாகத் தொட்டு எடுத்தேன். வரிகள் வெறிச்சென்று நீண்டன. பெயர்களை மாற்றினேன். பிறகு எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. கேட்காமல் அச்சுக்குக் கொடுக்க முடியாத சந்தேகம்.

"ரெண்டாவதுல கமா வெக்கணுமா?"

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு முகம் சூடாகிவிட்டது.

"வேண்டாம்மா" என்றார் அந்த அம்மா. "அதுல தானாவே இடம் இருக்கு. இத்தன வருஷம் அதுக்குள்ளதானே குடியிருக்கேன். கீழயே போகும், நடுநடுவுல சும்மா இருக்கலாம். ஆனா ஒரு இடம் இருக்கு, முதல் கிளாரினெட் உச்சில நிக்கும்போது. அப்ப ரெண்டாவது விட்டுச்சுன்னா மேல இருக்கறது விழுந்துரும். அந்த ஒரு இடத்துல மட்டும் மூச்சு விடவே கூடாது." அதை என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

பிரின்டர் இரண்டு தாள்களையும் துப்பியது. சூடாக இருந்தன. மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். அந்த அம்மா தன்னுடையதை எடுத்துக்கொள்ளவில்லை. காதில் இருந்த பேனாவை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடியும் செருகிக்கொண்டார்.

லிஃப்ட்காரர் அசைந்தார். பிளைவுட் தடுப்பில் தொங்கிய பழைய துணியில் கைகளைத் துடைத்தார். விரல் இடுக்கெல்லாம் துடைத்தார். இரண்டாவது தாளை எடுத்து வெளிச்சத்துப் பக்கம் திருப்பி, முதல் கோட்டிலிருந்து படித்தார். படிக்கும்போது மற்றக் கையின் விரல்கள் தொடையின் மேல் மெல்ல எழுந்து இறங்கின. ஓர் இடத்தில் நெஞ்சு நிமிர்ந்து அப்படியே நின்றது. எவ்வளவு நேரம் என்று நான் எண்ணவில்லை, நானும் மூச்சு விடவில்லை. பிறகு காற்று மூக்கு வழியாக மெதுவாக வெளியேறியது.

தாளை மடிக்காமல், மழை வந்தால் நனையாதபடி சட்டைக்குள் நெஞ்சோடு வைத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். வானத்தில் மேகமே இல்லை. சித்தி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அந்த அம்மா கையை லேசாக உயர்த்தியதும் அடங்கிவிட்டாள். லிஃப்ட்காரர் எங்கள் யாரையும் பார்க்காமல், ஒரு கை நெஞ்சில், ஒரு கை கதவில், ஒன்றும் பேசாமல் வெளியே இறங்கிப் போனார்.